கேட்டுப் பரிமாறுதல்

அப்பாவின் இரண்டாம் ஆண்டு நினைவு நாளுக்குத் தூத்துக்குடியின் புறநகரில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் மதிய உணவு கொடுத்தோம். பெங்களூரில் இருந்தபடியே போனில் பேசி, தொகையை அனுப்பி, தேதியைப் பதிவு செய்துகொண்டேன். "சைவமா, அசைவமா?" என்று கேட்டார்கள். மட்டன் பிரியாணி என்றேன். அப்பாவுக்கு மட்டன் பிரியாணி என்றால் உயிர். வேறு யோசனையே எழவில்லை.

அன்றைக்கு நாற்பது பேர் அளவில் பந்தியில் இருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் அப்பாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். அம்மா அழுதாள். தம்பி போட்டோ எடுத்தான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து மறித்தார்.

"கஞ்சி எதுவும் கெடக்கா தம்பி? ஒரு துண்டு கருவாடு சுட்டுக் கொடுத்தாலும் போதும்."

வாயில் நாலைந்து பற்கள்தான் மிச்சம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில் சுக்கானியாக இருந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இத்தனை செலவு செய்து பிரியாணி போடுகிறோம், இவர் கஞ்சி கேட்கிறாரே என்று. வெளியே காட்டிக்கொள்ளாமல், "இன்னைக்கு இல்ல தாத்தா, அடுத்த தடவ கண்டிப்பா" என்றேன்.

அவர் சிரித்தார். "அடுத்த தடவ யாரு நினைவு நாளோ" என்றார்.

குத்திக்காட்டும் சிரிப்பு இல்லை. நாளைக்கு மழை வருமோ என்று கேட்கிற மாதிரிதான் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பாதி இலைகளில் கறித்துண்டுகள் ஓரமாக ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. சிலர் சோற்றை மட்டும் பிசைந்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அன்றைக்கு உணவளித்தது அங்கே உட்கார்ந்திருந்த நாற்பது பேருக்கு இல்லை. செத்துப்போன ஒருவருடைய நாக்குக்கு நாற்பது பேரின் வாயை வாடகைக்கு எடுத்திருந்தேன்.

இதை எழுதும்போது என்னை நானே அதிகமாகக் கடிந்துகொள்கிறேனோ என்ற சந்தேகமும் வருகிறது. பசித்தவனுக்குச் சோறு போடுவதைவிடப் பெரிய அறம் நம் மரபில் கிடையாது. மணிமேகலை அமுதசுரபியோடு புகாரின் சிறைக்குள் போகிறாள். கைதிகளின் பசியாற்றி, அரசனிடம் கேட்டு அந்தச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுகிறாள். 1867 மே 23ஆம் தேதி வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் இன்றும் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு உண்டு. இந்த இரண்டு இடங்களிலும் யாரும் யாரிடமும் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. பசி என்பது தீ. தீப்பிடித்த வீட்டில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதில்லை.

ஆனால் முதியோர் இல்லம் தருமசாலை இல்லை. சத்திரத்திலும் தருமசாலையிலும் சாப்பிடுகிறவர் கையைக் கழுவிக்கொண்டு தன் வழியே போய்விடுவார். அடுத்த வேளை அவர் பாடு. இல்லத்தில் இருப்பவருக்குப் போக வேறு இடம் இல்லை. வருடத்துக்கு 1,095 வேளை. ஐந்து வருடம் இருந்தால் ஐயாயிரத்துக்கும் மேல். அத்தனை வேளையும் இன்னொருவர் தீர்மானித்ததைத்தான் அவர் உண்ண வேண்டும். பெட்டிக்கடைக்கு நடந்துபோய் ஒரு பட்டர் பிஸ்கட் வாங்கித் தின்னக்கூட வாட்ச்மேனின் அனுமதி வேண்டும். அவசரத்துக்கு உருவான ஒரு அறத்தை, அன்றாடம் வாழும் இடத்தில் அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தானம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நாம் எழுதாமலே வைத்திருக்கும் ஒரு விதி உண்டு. வாங்குபவர் ருசி பேசக் கூடாது. "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று பழமொழியே வைத்திருக்கிறோம். அந்த மாடாவது வீட்டுக்குப் போன பிறகு நம்முடையது. தட்டில் விழும் சோறு உடம்புக்குள் போவது. ஒரு மனிதருக்குக் கடைசியாக மிஞ்சும் எல்லை அவருடைய உதடுதான். அதைத் தாண்டி எது உள்ளே போகலாம் என்று அவரைக் கேட்காமல் தீர்மானிக்கும்போது அவரை நாம் விருந்தாளியாகவும் நடத்தவில்லை, வீட்டுக்காரராகவும் நடத்தவில்லை.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. பராமரிப்பு என்றால் என்ன என்பதற்கு அது தரும் விளக்கத்தில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் நான்கும் வருகின்றன. மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற கணக்கில், ஆதரவற்ற மூத்த குடிமக்கள் 150 பேராவது தங்கும்படி அரசு இல்லங்களை ஏற்படுத்தலாம் என்கிறது 19ஆம் பிரிவு. உணவு என்ற சொல் இருக்கிறது. யாருடைய விருப்பப்படி உணவு என்ற பேச்சு அந்த விளக்கத்தில் இல்லை.

இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களுக்கான 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் 14ஆவது விதி உணவும் தண்ணீரும் பற்றியது. அங்கே இருப்பவரின் விருப்பம், மதம், பண்பாடு ஆகியவற்றிலிருந்து எழும் நியாயமான தேவைகளை நிறைவேற்றுவது அந்த விதியின் ஒரு பகுதி. அமெரிக்காவில் அரசின் காப்பீட்டுப் பணம் பெறும் இல்லங்களுக்கான விதிகளில், வைத்ததைச் சாப்பிட மறுப்பவருக்கு அதே அளவு சத்துள்ள மாற்று உணவைத் தர வேண்டும் என்று இருக்கிறது. அங்கெல்லாம் முதியவர்கள் சொர்க்கத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லவரவில்லை. எழுதி வைத்தது நடக்காத இல்லங்கள் அங்கேயும் இருக்கும். ஆனால் 'விருப்பம்' என்ற சொல் ஒரு சட்டத்துக்குள் வந்துவிட்டால் கஞ்சி கேட்ட சுக்கானி தாத்தா தயவு கேட்பவர் ஆகமாட்டார், பாக்கி கேட்பவர் ஆவார். இரண்டுக்கும் குரலே வேறு.

நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2021இல் அது பதின்மூன்றரைக்கு மேல் போயிருக்கும் என்பது மத்திய அரசின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற வீடுகளின் எண்ணிக்கையை யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. என் வீடே அதில் ஒன்று.

*

இல்லத்தை நடத்துபவரிடம் பிறகு ஒருநாள் பேசினேன். நல்ல மனிதர். இருபது வருடமாக இதையே செய்கிறவர். அவர் சொன்ன காரணங்கள் எதையும் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

முதல் காரணம், உடம்பு. "அவருக்கு பிரஷர் இருக்கு சார். கருவாடுங்கிறது உப்பு மூட்ட. நாளைக்கு எதாவது ஆச்சுன்னா மகன் துபாயில இருந்து வந்து என் சட்டையைத்தான் பிடிப்பான்."

இது தூத்துக்குடியில் நடக்கிறது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டின் உப்பில் பெரும்பங்கு இந்த மண்ணில்தான் விளைகிறது. இல்லத்தின் மொட்டை மாடியில் நின்றால் தூரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் தெரிகின்றன. கீழே சாப்பாட்டு அறையில் ரசத்தில் உப்பு இல்லை.

வயது ஏறும்போது நாக்குக்கு முன்னால் மூக்கு தளர்கிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி மணம்தான். எண்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் மணமறியும் திறன் குறைந்திருக்கும். சில சுகர் மாத்திரைகள் வாயில் உலோகச் சுவையை விட்டுப் போகும். ஏற்கெனவே பாதி ருசி போன நாக்குக்கு உப்பில்லாத, காரமில்லாத, புளியில்லாத பத்திய உணவைக் கொடுத்தால் அவர் சாப்பிடுவதைக் குறைத்துக்கொள்கிறார். எடை குறைகிறது, தசை கரைகிறது, ஒருநாள் குளியலறையில் விழுகிறார். அவரைக் காப்பாற்ற வந்த பத்தியமே அவரைச் சாய்த்துவிடக்கூடும். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2016இல் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்காக வெளியிட்ட நிலைப்பாட்டில், முதியவர்களுக்குக் கடுமையான பத்திய உணவுகளைத் தவிர்க்கச் சொன்னது இந்தக் காரணத்தால்தான்.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. விழுங்குவதில் சிரமம் இருக்கும் ஒருவருக்கு முள் நிறைந்த சாளையைக் கொடுப்பது அன்பாகாது. சிறுநீரகம் பழுதானவருக்கு உப்பு விஷயத்தில் டாக்டர் சொல்வது வெறும் மிரட்டல் இல்லை. ஆனால் 'கூடாது' என்பதற்கும் 'எவ்வளவு, எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை' என்பதற்கும் நடுவில் பெரிய வெளி இருக்கிறது. கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டு இரண்டு தண்ணி மாற்றினால் உப்பில் ஒரு பங்கு இறங்கும் என்பது இந்தக் கடற்கரையின் எந்த அடுப்படிக்கும் தெரிந்த விஷயம். முள் எடுத்துப் பிசைந்து கொடுக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை விரல் நீளத் துண்டு கொடுக்கலாம். இதையெல்லாம் டாக்டரிடம் யாரும் கேட்பதில்லை. 'வேண்டாம்' என்பதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பான பதில். முதியவரைத் தவிர எல்லாருக்கும்.

அதுல் கவாண்டே 'பீயிங் மார்ட்டல்' புத்தகத்தில் ஜாக் பிளாக் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியரைப் பற்றி எழுதியிருக்கிறார். கழுத்துத் தண்டுவடத்தில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு முன் மகள் அவரிடம் கேட்கிறார், எந்த அளவு வாழ்க்கை மிஞ்சினால் உங்களுக்குப் போதும் என்று. சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிடவும் டிவியில் கால்பந்து பார்க்கவும் முடிந்தால் போதும், உயிரோடு இருக்கத் தயார் என்கிறார் அந்தப் பேராசிரியர். பிறகு சிகிச்சையில் சிக்கல் வந்து, மறுபடி அறுக்கவா வேண்டாமா என்று மகள் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டிவருகிறது. அப்போது அவர் மருத்துவர்களிடம் கேட்டது இந்த இரண்டையும் பற்றித்தான். முடியும் என்றார்கள். செய்யுங்கள் என்றார். உயிர் எதற்காக என்ற கேள்விக்கு ஒரு பேராசிரியரின் பதில் ஐஸ்கிரீமாக இருக்கலாம் என்றால், ஒரு சுக்கானியின் பதில் சுட்ட கருவாடாக இருக்கக் கூடாதா?

இல்லத்தவர் சொன்ன இரண்டாவது காரணம் இன்னும் கஷ்டமானது. "பக்கத்துக் கட்டில்ல இருக்கவரு சுத்த சைவம் சார். கருவாட்டு வாசம் வந்தா அன்னைக்கு முழுக்க அவரு சாப்பிட மாட்டாரு."

ஒருவருடைய விருப்பம் இன்னொருவருக்குக் குமட்டல். இருவரும் ஒரே கூரைக்குக் கீழே. இதை வெறும் சாதிப் பார்வை என்று ஒதுக்கிவிட்டு நான் நல்லவனாகிவிட முடியும். ஆனால் அறுபது எழுபது வருடம் மீன் வாசமே இல்லாமல் வாழ்ந்த மனிதருக்கு அந்தக் குமட்டல் உண்மை. அவரும் கேட்கப்பட வேண்டியவர்தான். அதே நேரத்தில், நம் ஊர்களில் இப்படி ஒரு மோதல் வந்தால் எந்தப் பக்கம் விட்டுக்கொடுக்கும் என்பது முன்கூட்டியே முடிவான விஷயம். மீன் சாப்பிடுகிறவர்தான் கூச்சப்பட வேண்டும். இத்தனைக்கும் இந்தக் கடற்கரையின் பெருமையே நாற்றத்தில் விளைந்தது. முத்துக்குளிப்பின்போது சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, அந்த அழுகலை அலசித்தான் முத்தைப் பொறுக்குவார்கள். 1961இல் இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தபோது சுக்கானி தாத்தா சிறுவன். அந்த நாற்றம் இன்னும் நினைவிருக்கிறது என்றார். அரசிகளின் கழுத்துக்குப் போன முத்துக்கு அந்த வாசம் ஒட்டவில்லை. சிப்பி அலசிய ஊரின் சாப்பாட்டுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது.

தீர்வு ஒன்றும் பிரமாதமானது இல்லை. இல்லத்தின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. விறகு அடுப்பு ஒன்றும் இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் அங்கே வைத்துச் சுட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம். இதற்கு ஒரு கொட்டகை போதும். ஆனால் கொட்டகை தேவை என்று தெரிவதற்கு முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம், "அவங்க யாருமே எதுவும் கேக்கலையே சார். நிம்மதியாத்தான் இருக்காங்க."

இந்த மூன்றாவதுக்குத்தான் எனக்குப் பதில் தெரிய வெகுநாள் ஆனது. பதில் என் ஆச்சியிடம் இருந்தது.

*

ஆச்சி இல்லத்துக்குப் போனவள் இல்லை. எங்கள் வீட்டிலேயே இருந்து, தொண்ணூறு நெருங்கும்போது போய்ச் சேர்ந்தாள். கடைசி வருடத்தில் ஒருநாள் லீவில் வந்திருந்தபோது கேட்டேன், "ஆச்சி, உனக்கு என்ன சாப்பிடணும்னு இருக்கு? சொல்லு, நாளைக்கு வாங்கிட்டு வாரேன்."

"எனக்கு என்னய்யா. எதுனாலும் சரிதான்."

"இல்ல, உனக்குப் பிடிச்சது எது?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒங்க தாத்தாவுக்குச் சீலா மீன்னா ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.

"ஒனக்கு?"

அவளால் சொல்ல முடியவில்லை. மறதி இல்லை, என் ஒன்றாம் வகுப்பு டீச்சர் பெயர்வரை ஞாபகம் வைத்திருந்தவள். எழுபது வருடம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டவளுக்கு, தனக்கென்று ஒரு ருசி இருக்கிறதா என்று யோசிக்க ஒருமுறைகூட வாய்க்கவில்லை. நடுத்துண்டு தாத்தாவுக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு, தலையும் வாலும் அவளுக்கு. தலைதான் ருசி என்று சொல்லிக்கொண்டே தின்பாள். அது உண்மையா, சமாதானமா என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

அமர்த்தியா சென் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நெடுங்காலம் இல்லாமையில் இருப்பவர்கள் தங்கள் ஆசையைக் கிடைப்பதற்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்வார்கள். அவர்கள் குறை சொல்லவில்லை என்பதை வைத்து அவர்களுக்குக் குறை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்கிறார். அவரே சொல்லும் இன்னொரு உதாரணம் உண்டு. உபவாசம் இருப்பவரும் பட்டினி கிடப்பவரும் உடலளவில் ஒரே நிலைதான், வயிறு காலி. ஆனால் ஒருவருக்குச் சாப்பிடும் வாய்ப்பு இருந்தும் வேண்டாம் என்றார், இன்னொருவருக்கு வாய்ப்பே இல்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஆச்சி ஒருவேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வாள். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு மிடுக்கு இருக்கும். இப்போது யோசித்தால், வருடம் முழுக்க அவள் தன் சாப்பாட்டைப் பற்றித் தானே எடுத்த முடிவு அது ஒன்றுதான். சாப்பிடாமல் இருப்பது.

இல்லங்களில் 'எதுனாலும் சரிதான்' என்று சொல்கிற அத்தனை பேரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று எப்படி நம்புவது? அதில் எத்தனை பேர் என் ஆச்சிகள்? எத்தனை பேர் கேட்டால் கெட்டபெயர் வரும் என்று பயந்தவர்கள்? சோறு போடுகிறவரிடம் குழம்பு சரியில்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். போக இன்னொரு வீடு இருப்பவர்களுக்குத்தான் அது எளிது.

ஆகவே என் முடிவு இதுதான். ஒருவர் கேட்டதைக் கொடுப்பதில் எல்லைகள் உண்டு. பணம், ஆள், உடம்பு, பக்கத்துக் கட்டில், ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எகிறும் மீன் விலை. எல்லாமே நியாயமான எல்லைகள். ஆனால் கேட்பதற்கு எல்லை எதுவும் இல்லை. செலவும் இல்லை. 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டுவிட்டு, 'இன்ன காரணத்தால் முடியாது' என்று முகம் பார்த்துச் சொன்னால், மறுத்தபோதும் அவரை ஒரு ஆளாக நடத்தியிருக்கிறோம். கேட்காமலே கொடுத்த பிரியாணியில் அந்த மரியாதை இல்லை. பதில் வராத இடத்தில் மறுபடி கேட்கவும் வேண்டும், ஆச்சி மாதிரி பதில் மறந்துபோனவர்களுக்காக. ஒருமுறை கேட்டு 'எதுனாலும் சரி' என்ற பதிலோடு நான் விட்டுவிட்டேன். நாலு நாள் நாலு விதமாக மீன் வாங்கி வந்து எந்தத் துண்டை அவள் முதலில் எடுக்கிறாள் என்று பார்த்திருக்கலாம்.

*

அடுத்த வருடம் நினைவு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே ஊருக்குப் போய்விட்டேன். இல்லத்தவரிடம் அனுமதி வாங்கி ஒவ்வொருவரிடமும் கேட்டேன். தொழில் புத்தி போகுமா, போனில் ஒரு அட்டவணையே போட்டுக்கொண்டேன். பெயர், கேட்டது, டாக்டர் சொன்னது. கஞ்சியும் துவையலும் கேட்டவர்கள் ஒன்பது பேர். புட்டு கேட்டார் ஒருவர். ஒரு பாட்டி தயங்கித் தயங்கி மக்ரூன் கேட்டாள், சுகர் இருக்கிறது என்பதால் ஒன்றே ஒன்று போதும் என்று அவளே பேரமும் பேசினாள். 'எதுனாலும் சரி' பதினாறு பேர். அவர்களிடம் இன்னொரு நாளும் போனேன். அதில் ஐந்து பேர் வாயைத் திறந்தார்கள். சுக்கானி தாத்தாவின் பெயருக்கு நேரே, அவரைக் கேட்காமலேயே, 'கஞ்சி, சுட்ட கருவாடு' என்று எழுதிவைத்திருந்தேன். டாக்டரிடமும் பேசி, சின்னத் துண்டு, ஊறவைத்தது என்று சம்மதம் வாங்கியாயிற்று.

அன்றைக்குப் பின்பக்கக் கொட்டகையில் நானே கருவாட்டைச் சுட்டு, சட்டியில் கஞ்சியோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். ஒரு வருடக் கடன் தீர்ந்தது என்று மனதுக்குள் ஒரு நிறைவு.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்த வருசம் பிரியாணி கெடையாதா?"

"நீங்கதான தாத்தா போன வருசம் கருவாடு கேட்டீங்க?"

"அது போன வருசம்லா" என்றார்.